மாடல் 3-ஐ 27 மில்லிமீட்டர் இறக்கிய வேலை

ஜெர்மனியின் வாகனப் பரிசோதனை அமைப்பான டியூஃபின் சான்று கைக்கு வந்துவிட்டது. இறக்கிய காரைக் கோடை முழுக்க ஓட்டியும் பார்த்தாயிற்று. இனி எழுதினால் யாருக்காவது பயன்படும்.

டெஸ்லா மாடல் 3-க்கு லோயரிங் ஸ்பிரிங் (காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) போட்டது அழகுக்காக இல்லை, பயணம் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காக. காரை இறக்கினால் சுகம் குறையும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். என் காரில் ஒரு வகைச் சுகம் கூடியது, இன்னொரு வகை கொஞ்சம் குறைந்தது. கூடியதிலும் பாதி ஸ்பிரிங்கால் வந்ததே இல்லை.

கார் 2021-ல் ஷாங்காயில் செய்த பின்சக்கர இயக்க மாடல், எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. வாங்கும்போதே 19 அங்குல ஸ்போர்ட் சக்கரங்கள் இருந்தன. இந்தத் தலைமுறை மாடல் 3-இன் சஸ்பென்ஷன் இறுக்கமானது, வளைவில் ஓட்ட விரும்புகிறவர்களுக்குப் பிடித்தது. 2023 செப்டம்பரில் வந்த புதுப்பித்த மாடலில் டெஸ்லாவே அதை மென்மையாக்கியது. நான் இருப்பது ஜெர்மனியின் டோர்ட்முண்ட், வேலை லூடென்ஷைடில். இடையில் ஏ45 நெடுஞ்சாலையின் ராமெடே பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள், 2023 மே 7-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நெடுஞ்சாலையில் போக வேண்டிய லாரிகள் எல்லாம் ஊருக்குள்ளும் மலைச் சாலைகளிலும் இறங்கின. அந்தச் சாலைகள் இப்போது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

முதலில் செய்தது, எது தொந்தரவு என்பதைப் பிரித்துப் பார்த்தது. இதைச் செய்யாமல் பணம் செலவழிப்பவர்கள்தான் அதிகம். இரண்டு வேறு விஷயங்கள் இருந்தன. ஒன்று, மேன்ஹோல் மூடி, தண்டவாளம், கான்கிரீட் பாளங்களின் இணைப்பு போன்ற கூர்மையான இடங்களில் முதுகுக்கு வரும் சுள்ளென்ற அடி. மற்றது, 80-100 கி.மீ. வேகத்தில் நீண்ட அலைபோன்ற மேடுபள்ளங்களில் காரின் முன்னும் பின்னும் மாறி மாறித் தலையாட்டுவது. பின்சீட்டில் இருந்த மகளுக்கு வாந்தி வந்தது இரண்டாவதால்.

அளந்து பார்க்க ஃபைஃபாக்ஸ் செயலி போதும். ஆஹன் ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இலவசச் செயலி, கைபேசியின் முடுக்கமானியை அப்படியே பதிவு செய்யும். கைபேசியைச் சீட்டில் வைக்கக் கூடாது, சீட்டின் நுரை பாதியை விழுங்கிவிடும். சீட்டைத் தாங்கும் இரும்புத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தரையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். ஒரே சாலைத் துண்டு, ஒரே வேகம், ஒரே டயர் அழுத்தம், காரில் நான் மட்டும். பதிவான வரைபடத்தில் இரண்டு தொந்தரவும் தனித்தனியாகவே தெரிந்தன: கூரான முட்களாக ஒன்று, ஒரு நொடிக்கு ஒன்றரை முறை ஏறி இறங்கும் மெதுவான அலையாக மற்றது.

முட்களுக்கு மருந்து டயரில் இருந்தது. 235/40 ஆர்19-ஐக் கழற்றிவிட்டு, பயன்படுத்திய 18 அங்குலச் சக்கரங்களை 235/45 டயரோடு 650 யூரோவுக்கு வாங்கினேன். வெளி விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ரப்பர் சுவரின் உயரம் 94-லிருந்து 106 மி.மீ. ஆகிறது. பழைய 19-கள் 800-க்குப் போயின. அதாவது இந்த மாற்றத்தில் எனக்கு 150 யூரோ மிச்சம். முட்களின் உயரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. இதற்குப் பிறகும் சுள்ளென்ற அடிதான் குறை என்று நினைப்பவர்கள் ஸ்பிரிங் பக்கமே போக வேண்டாம்.

தலையாட்டல் மட்டும் அசையவே இல்லை. சரி, ஸ்பிரிங்.

ஜெர்மனியில் ஸ்பிரிங் தேடினால் கடைசியில் சவர்லாண்ட் மலைகளில்தான் போய் நிற்பீர்கள். ஐபாக் நிறுவனம் ஃபின்னென்ட்ரோபில், எச் அண்ட் ஆர் லென்னஷ்டாட்டில், இரண்டும் பி236 சாலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். டோர்ட்முண்டிலிருந்து அதே சாலையைப் பிடித்தால் இரண்டு ஊரையும் தாண்டித்தான் போக வேண்டும். உலகம் முழுக்கப் பந்தயக் கார்களுக்குப் போகும் ஸ்பிரிங்குகள் மழையும் காடுமான இந்தப் பள்ளத்தாக்கில் சுருட்டப்படுகின்றன. இரண்டில் ஒன்றை வாங்கினேன், எது என்று எழுதினால் விளம்பரமாகிவிடும். 290 யூரோ, நான்கு ஸ்பிரிங், நீளம் குறைந்த பம்ப் ஸ்டாப்புகள் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது முட்டும் ரப்பர் கட்டைகள்), அதோடு டைலகுட்டாக்டன் என்று இங்கே சொல்லும் பாகச் சான்றிதழ். அந்தக் காகிதம் இல்லாத மலிவு ஸ்பிரிங்கும் இணையத்தில் கிடைக்கிறது. அதைப் போட்டால் வண்டியின் சாலை அனுமதியே போய்விடும், விபத்தானால் காப்பீட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் வந்த பெட்டி தவறான பெட்டி. மாடல் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் இணையக்கடை நான்குசக்கர இயக்கத்துக்கான ஸ்பிரிங்கைக் காட்டியிருக்கிறது. அந்தக் காரில் முன்பக்கம் இன்னொரு மோட்டார் இருப்பதால் முன் ஸ்பிரிங் அந்த எடைக்குக் கணக்கிட்டது. என் காரில் போட்டிருந்தால் பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கி நின்றிருக்கும். முன், பின் சக்கர அச்சுகளுக்கு அனுமதித்த சுமை சான்றிதழில் எழுதியிருக்கும். அதை வண்டிப் பதிவுச் சீட்டின் 8.1, 8.2 கட்டங்களோடு ஒப்பிட்டபோது தெரிந்தது. பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் முன் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

வேலை செய்த இடம் ஒரு மீட்வெர்க்ஷ்டாட், மணிக்கு 16 யூரோ வாடகைக்கு லிஃப்ட் தரும் பட்டறை. உடன் வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், முப்பது ஆண்டாக இங்கே மெக்கானிக். அவர் இல்லாமல் இதைத் தொட்டிருக்க மாட்டேன், முக்கியமாக ஸ்பிரிங் கம்ப்ரஸருக்காக. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். இரண்டு கம்பி வைத்துக் கையால் திருகும் மலிவு வகையை அவர் பட்டறைக்குள்ளேயே விடவில்லை. சுவரில் பொருத்திய தட்டு வகை அங்கே இருந்தது, அதில்தான் எல்லாம்.

தூக்குமுன் அளவு. சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை: முன்பக்கம் 372 மி.மீ., பின்பக்கம் 378. தரையிலிருந்து அளந்தால் டயர் அழுத்தம் மாறும்போது அளவும் மாறிவிடும், ஆகவே நடுவிலிருந்துதான் அளக்க வேண்டும். சமதளத்தில், 2.9 பார் அழுத்தத்தில், காருக்குள் யாரும் இல்லாமல்.

இந்தக் காரைத் தூக்குவதில் கவனிக்க இரண்டு உண்டு. தரை முழுக்கப் பேட்டரி, ஆகவே ஜாக்கியோ லிஃப்ட் கையோ அதற்கென்று உள்ள நான்கு புள்ளிகளில் மட்டுமே தாங்க வேண்டும். அந்தத் துளைகளில் ரப்பர் வில்லை ஒன்றைச் செருகிவிட்டால் நழுவாது, நான்கு வில்லை 25 யூரோவுக்குள் கிடைக்கும். இன்னொன்று அலாரம். சாய்வை உணரும் வசதியைத் திரையில் அணைக்காமல் காரைப் பூட்டித் தூக்கினால் பட்டறையே திரும்பிப் பார்க்கும். உயர் மின்னழுத்தத்தின் ஆரஞ்சு நிறக் கம்பிகளை இந்த வேலையில் எங்குமே தொட வேண்டியதில்லை.

பின்பக்கத்தில் தொடங்கினோம். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்மின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பைப் பிரித்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஷாக்கின் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) கீழ் போல்ட், மேல் போல்ட்டுகள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கூட்டாக வெளியே வந்தன. பிரேக் ஹோஸும் சென்ஸர் கம்பியும் இழுபடாமல் அவற்றின் கிளிப்புகளை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். ஜெர்மன் குளிர்கால உப்பு தின்ற காராக இருந்தும் போல்ட்டுகள் சுலபமாக வந்தன, முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்திருந்தோம்.

முன்பக்கம் அப்படி இல்லை. மேல் ஆர்மின் பால் ஜாயின்ட்டை நக்கிளோடு இறுக்கும் போல்ட் ஒன்று உண்டு. அலுமினியத்துக்குள் எஃகு போல்ட், இடையில் உப்பு. இடது பக்கம் இரண்டு தட்டில் வந்தது. வலது பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுத்தியலால் ஓங்கி அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, அண்ணா விடவில்லை. "பொறும் தம்பி, அது அலுமினியம், வெடிச்சுதெண்டால் முழு நக்கிளையும் மாத்தோணும்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் அடிப்பதும், போல்ட்டைக் கால் திருகு முன்னும் பின்னும் ஆட்டுவதுமாக இருந்தார். கடைசியில் அசைந்தது. அந்த மாதிரிப் போல்ட்டுகளுக்குப் பதில் எல்லாம் புதிதுதான் போட்டோம். ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று சர்வீஸ் கையேடு சொல்லும் போல்ட், நட்டு மொத்தம் 45 யூரோ ஆனது. கையேட்டை டெஸ்லா இணையத்தில் இலவசமாகவே தருகிறது, இறுக்க அளவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பல இடங்களில் டார்க் (முறுக்கு விசை) மட்டும் போதாது, அதன்பின் இத்தனை டிகிரி என்றும் இருக்கும், ஆகவே கோண அளவியும் வேண்டும்.

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் உயரத்தில் மட்டும் இல்லை. புதியதில் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும். அவை முதலில் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும், அதற்குப் பிறகுதான் மீதிச் சுருள்கள் முழு விறைப்பைக் காட்டும். பம்ப் ஸ்டாப்பையும் கட்டாயம் மாற்ற வேண்டும். காரை 27 மி.மீ. இறக்கினால் ஷாக்கின் தண்டு பம்ப் ஸ்டாப்பைத் தொட மிச்சமிருக்கும் தூரமும் குறையும். பழைய நீளத்திலேயே விட்டால் சின்ன மேட்டுக்கே கார் ரப்பர் கட்டையில் உட்கார்ந்துகொண்டு ஓடும். இறக்கிய கார் "கல் மாதிரி இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு ஸ்பிரிங் காரணமாகவே இருக்காது, இதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்து வருவது இந்தப் பதிவிலேயே முக்கியமான கட்டம்.

ஆர்ம்களின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ்கள் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். அது கூடுதல் ஸ்பிரிங்போல வேலை செய்து காரை விறைப்பாக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். இது பலருக்குத் தெரியும். தெரியாமல் போவது இதன் மறுபாதி: ஸ்பிரிங் மாற்ற நாம் தொடவே தேவையில்லாத போல்ட்டுகளும் பழைய உயரத்தில் இறுக்கியவைதான். கார் 27 மி.மீ. இறங்கியதும் அந்தப் புஷ்கள் நிரந்தரமாக முறுக்கிக்கொள்ளும். ஆகவே அவற்றையும் தளர்த்தி, புதிய உயரத்தில் திரும்ப இறுக்க வேண்டும்.

அண்ணா செய்த விதம் இது. எல்லாவற்றையும் ஸ்பானரால் அளவாக இறுக்கி, காரைக் கீழே விட்டு, பட்டறைக்குள் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையையும் கையால் அமுக்கி விட்டார். பிறகு காரைச் சக்கரத்தோடு நிற்கவைக்கும் நான்கு தூண் லிஃப்டுக்கு மாற்றினோம். காரின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது, கீழிருந்து கீழ் ஆர்ம்கள், பின்பக்க இணைப்புகள் ஒவ்வொன்றின் உள் போல்ட்டையும் தளர்த்தி, 'டக்' என்று ரப்பர் விடுபடும் சத்தம் கேட்ட பிறகு, கையேட்டின் அளவுக்கு இறுக்கினோம். அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை, மாற்றக்கூடிய போல்ட்டுகளை அதற்கு முன்பே வெள்ளை மார்க்கரால் குறித்திருந்தோம். முன் மேல் ஆர்மின் உள் போல்ட்டை மட்டும் அந்த நிலையில் எட்ட முடியவில்லை, விட்டுவிட்டோம். கடைசியாகச் சக்கர நட்டுகள், 21 மி.மீ. சாக்கெட், 175 நியூட்டன் மீட்டர்.

அன்று மாலை அளவு முன் 349, பின் 356. ஸ்பிரிங் படிய ஐந்நூறு கி.மீ. போல ஓட வேண்டும். அதன்பின் முன் 345, பின் 353-ல் நின்றது. ஆக இறக்கம் 27, 25.

இடையில் ஒரு சத்தம். வண்டியை நிறுத்தும்போது ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் இடது பக்கம் 'டொக்'. ஸ்டெபிலைசர் இணைப்பா, மேல் மவுண்ட்டா என்று தேடியதில் ஒரு மாலை வீணானது. திரும்ப லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பிரிங்கின் கீழ் நுனி தட்டில் உள்ள தடுப்பில் முட்டாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றது. கம்ப்ரஸரைத் தளர்த்தும்போது சுருள் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அந்த மூலையை மட்டும் திரும்பக் கழற்றிப் பொருத்தினோம். கூட்டைக் காரில் ஏற்றும் முன் நுனியும் தடுப்பும் தொடும் இடத்தில் ஒரு விரல் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு மணி நேரம் மிச்சம்.

அலைன்மென்ட்டை ஸ்பிரிங் படிந்த பிறகே செய்தேன், 119 யூரோ. இந்தக் காரில் தொழிற்சாலை அமைப்பில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் மாற்ற முடியும், கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்ற வழி இல்லை. பின்பக்கக் கேம்பர் மைனஸ் 1.3-லிருந்து மைனஸ் 1.8 டிகிரிக்குப் போயிருந்தது. டோவும் அளவைத் தாண்டியிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பின் டயரின் உள்விளிம்பைத் தின்றிருக்கும். அதைத் திருத்திவிட்டு, திரையின் சர்வீஸ் பகுதியில் ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்து, கேமராக்களின் பழைய அளவீட்டை அழித்தேன். ஓட்ட ஓட்டக் கார் தானாகவே மறுபடி அளந்துகொண்டது.

டியூஃபில் எதிர்பார்த்ததைவிட நிதானமாகப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டு, அலைன்மென்ட் தாளை வாங்கி, ஹெட்லைட்டை அளந்து, ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலையின் பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, டயர் எங்காவது உரசுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார் பொறியாளர். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் வரை நான்கு அளவும் எடுத்து அறிக்கையில் எழுதினார். 78 யூரோ. பதிவுச் சீட்டின் 22-ஆம் கட்டத்தில் இனி இந்த ஸ்பிரிங்குக்கும் ஒரு வரி.

சரி, பயணம் எப்படி இருக்கிறது? தலையாட்டல் போயே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பாதிக்குமேல் குறைந்தது. பழைய சாலைத் துண்டில் ஃபைஃபாக்ஸின் மெதுவான அலை ஒருமுறை ஏறி இறங்கி அடங்கிவிடுகிறது. முன்பு மூன்று முறை ஆடும். மகள் இப்போது பின்சீட்டில் படம் பார்த்துக்கொண்டு வருகிறாள். வளைவில் சாய்வதும் குறைந்தது, அது நான் கேட்காமல் வந்தது. ஆனால் ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் மேன்ஹோல் மூடி மேல் ஏறினால் முன்பைவிட ஒரு பிடி கூடுதலாகவே தட்டுகிறது. டயர் மாற்றி வாங்கிய மென்மையில் கொஞ்சத்தை ஸ்பிரிங் திருப்பி எடுத்துக்கொண்டது. மின்சாரச் செலவில் வித்தியாசம் எதையும் என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை. ஐந்து டிகிரி வெப்பநிலை மாற்றமே அதை மூடிவிடும். இறக்கினால் ரேஞ்ச் கூடும் என்று சொல்லி விற்பவர்களை நம்பி வாங்காதீர்கள்.

தரை இடைவெளி 140 மி.மீ. இருந்தது, இப்போது 113 அளவில். எங்கள் குடியிருப்பின் நிலவறைப் பார்க்கிங் சரிவில் நேராக இறங்கினால் முன் அடி மூடி உரசும், கொஞ்சம் சாய்த்து இறங்க வேண்டும். பனி அள்ளாத தெருவில் எப்படி என்று குளிர்காலம்தான் சொல்ல வேண்டும்.

செலவு: ஸ்பிரிங் 290, போல்ட்டுகள் 45, லிஃப்ட் வாடகை இரண்டு முறைக்கும் சேர்த்து 128, அலைன்மென்ட் 119, டியூஃப் 78. ஆக 660 யூரோ. சக்கரம் மாற்றியதில் மிஞ்சிய 150-ஐக் கழித்துக்கொள்ளலாம். அண்ணா கூலி வாங்கவில்லை. அவருடைய பழைய வேனுக்குக் குளிர்கால டயர் மாற்ற நான் போய் நிற்க வேண்டும் என்பது பேச்சு.

திரும்பச் செய்வதானால் ஷாக்கையும் சேர்த்தே மாற்றுவேன். கழற்றும் பாகங்கள் அவையேதான், இறுக்க வேண்டிய போல்ட்டுகளும் அவையேதான், அலைன்மென்ட்டும் டியூஃபும் ஒரே செலவில் முடிந்திருக்கும். 70,000 கி.மீ. ஓடிய ஷாக்கை விறைப்பான புது ஸ்பிரிங்கோடு கட்டியது அரைகுறை வேலைதான், மேன்ஹோல் மூடியில் தட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அண்ணாவின் கட்சி. இரண்டாவது, 27 மி.மீ. அளவு எனக்குத் தேவையே இல்லை. 15 போதும், ஆனால் அந்த அளவில் சான்றிதழோடு கூடிய ஸ்பிரிங் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது, வலது முன் போல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் எண்ணெய் அடிப்பேன்.

பின் டயரின் உள், நடு, வெளி ஆழத்தை அலைன்மென்ட் அன்றே அளந்து வைத்திருக்கிறேன்: மூன்றும் 6.2 மி.மீ. அக்டோபரில் குளிர்கால டயர் மாற்றும்போது உள்பக்கம் 5.5-க்குக் கீழே போயிருந்தால், கேம்பரை மாற்றக்கூடிய பின் ஆர்ம் வாங்க வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு சான்றிதழ், அதற்கும் ஒரு டியூஃப்.